அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்: அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டின நாவல்

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு புத்தகத்தத் தொடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ராத்திரி நாலு பக்கமாவது படிக்காம அவங்களுக்கு தூக்கம் வராது, நான் சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன், வீட்டுல என்ன கலவரம்னாலும் தலைமாட்டுல ஒரு புத்தகம் இருக்கும். அதனால சாப்பிட்டு முடிச்சதும் நான் பக்கத்துல உக்காந்து ஒரு இங்கிலீஷ் நாவல அப்படியே தமிழ்ல மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டே வாசிக்க ஆரம்பிச்சேன். நாங்க ரெண்டு பேரும் சேந்து முடிச்ச புத்தகம்தான் ஜான் கேரன்னு ஒரு அம்மா எழுதின 'அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்'. 1994ல வந்தது, 400 பக்கத்துக்கு மேல இருக்கும். வாங்கலாமா வேண்டாமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருக்குறவங்களுக்கு இப்பவே சொல்லிடுறேன், தாராளமா வாங்குங்க. ஆனா முதல் நூறு பக்கத்துக்கு பொறுமை வேணும்.

அம்மா வாரப்பத்திரிகை தொடர்கதை காலத்து வாசகி. புடிச்ச தொடர வாராவாரம் கிழிச்செடுத்து சேத்து வெச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தவங்க. ரெண்டாவது ராத்திரியே என்ன நிறுத்தி, "ஏன்டி, இது தொடர்கதையா வந்ததா?"ன்னு கேட்டாங்க. எப்படிம்மா கண்டுபிடிச்சன்னு கேட்டா, "ஒவ்வொரு எடமும் அடுத்த வாரத்துக்கு கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தான் முடியுது"ன்னாங்க. தேடிப் பாத்தா நிஜமாவே அப்படித்தான். விளம்பரத் துறையில பெரிய வேலையில இருந்த ஜான் கேரன், ஏறக்குறைய 50 வயசுல அத விட்டுட்டு அமெரிக்காவுல வட கரோலினா மலையில ப்ளோயிங் ராக்னு ஒரு சின்ன ஊருக்கு குடி போயி, அந்த ஊரு வாரப்பத்திரிகை 'தி ப்ளோயிங் ராக்கெட்'லதான் இந்தக் கதைய வாராவாரம் எழுதியிருக்காங்க. புத்தகமா வந்தது அதுக்கப்புறம். இது தெரிஞ்சதும் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, புதுசா ஒரு ஊருக்கு வந்த ஒருத்தங்க, அந்த ஊரு ஜனங்களே படிக்கிற பேப்பர்ல, புதுசா வர்றவங்களப் பத்தி கதை எழுதியிருக்காங்க. அந்த கூச்சமும் நன்றியும் கதை முழுக்க இருக்கு.

மிட்ஃபோர்ட்டுங்கிறது கற்பனை ஊரு. ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர்ல, ஒரே ஒரு மெயின் தெரு, ஒரு சாப்பாட்டுக் கட, ஒரு லோக்கல் பேப்பர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்க லார்ட்ஸ் சேப்பல்னு ஒரு சர்ச், அதோட போதகர் ஃபாதர் டிம், அறுபத ஒட்டின வயசு, கல்யாணம் பண்ணிக்கல. ஃபாதர்னதும் கத்தோலிக்க சாமியார்னு நினைக்க வேணாம், எப்பிஸ்கோபல்னு ஆங்கிலிக்கன் வழிச் சபை, நம்ம சி.எஸ்.ஐ. மாதிரி போதகர் கல்யாணம் பண்ணிக்கலாம், இவரு பண்ணிக்கல, அவ்வளவுதான். இத நான் முதல்லயே சொல்லாம விட்டதுல, பக்கத்து வீட்டுக்கு சிந்தியான்னு ஒரு பொண்ணு குடி வந்து இவர்கிட்ட சிரிச்சுப் பேசுனப்ப அம்மா பதறிட்டாங்க. 

ஃபாதர் நல்லவரு, ரோஜா வளக்குறவரு, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நோன்பு காலத்துக்குன்னு காரு ஓட்டுறத நிறுத்தி, லெந்து முடிஞ்சும் காரத் தொடாம வருஷக்கணக்கா நடந்தே போறவரு, யாரு வீட்டுல என்னன்னாலும் போயி நிக்கிறவரு. ஆனா உள்ளுக்குள்ள ரொம்ப களைச்சுப் போயிருக்காரு. ஒடம்புல சர்க்கரை வேற வந்துடுது, டாக்டரு நட ஓடுன்னு துரத்துறாரு. எல்லாருக்கும் ஜெபம் பண்றவருக்கு யாரு இருக்கான்னா, யாருமில்ல, ராத்திரி தனியா ஒரு வீடு. கதை ஆரம்பிக்கறப்ப இருக்குற நெலம இதுதான். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க. முதல்ல ஒரு கருப்பு நாயி, மாடு மாதிரி பெருசு, யாரு வளத்ததுன்னே தெரியாது, இவரு பின்னாலயே வந்து மேல பாஞ்சு நக்கித் தள்ளுது, என்ன அதட்டினாலும் அடங்கல, பைபிள் வசனம் சொன்னா மட்டும் அப்படியே உக்காந்துடுது. பர்னபாஸ்னு பேரு வைக்கிறாரு. இத ஒரு விளையாட்டுக்குன்னு எழுதியிருந்தா ரெண்டு பக்கத்துல அலுத்துடும், ஆனா தனியா இருக்குற மனுஷன் வாய் விட்டு வசனம் சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஜீவன் கிடைச்சிடுச்சேன்னு நமக்கு தோணுற மாதிரி எழுதியிருக்காங்க.

அப்புறம் ப்யூனின்னு ஒரு பொண்ணு வீட்டு வேலைக்கு வர்றா, எனக்கு ஆளே வேணாம்னு இவரு தட்டிக் கழிச்சுப் பாக்குறாரு, அவ முட்டி போட்டு தரைய தேய்க்க ஆரம்பிச்சிடுறா. அதுக்கப்புறம் டூலி.

டூலிக்கு 11 வயசு. தாத்தா ரஸ்ஸல் ஜேக்ஸ் சர்ச் தோட்ட வேல எல்லாம் பாக்குறவரு, அவருக்கு ஒடம்பு முடியாமப் போக, பையன் ஃபாதர் வீட்டுக்கு வந்து சேர்றான். கிழிஞ்ச துணி, அழுக்கு, கோவம். ஃபாதர்கிட்ட அவன் பேசுற முதல் பேச்சே வெளிக்குப் போக எடம் எங்கன்னுதான், அதுவும் பச்சையா கேக்குறான். டூலியோட அம்மா குடிப்பழக்கத்துனால பிள்ளைங்க எல்லாம் செதறிப்போன குடும்பம் அதுன்னு, இதுக்கு அப்புறம் வந்த மிட்ஃபோர்ட் நாவல்கள்ல போகப் போக முழுசா தெரிய வரும். 

இங்க எனக்கு ஒரு பெரிய சிக்கல் வந்துச்சு. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே வார்த்ததான், தமிழ்ல சொல்றப்ப டூலி ஃபாதர 'நீ'ன்னு கூப்புடுவானா 'நீங்க'ன்னு கூப்புடுவானா? வந்த அன்னிக்கு அவன் பேசுற பேச்சுக்கு 'நீ'தான் சரி, அப்படியே வாசிச்சேன். பிற்பாடு மரியாத வந்ததும் 'நீங்க'ன்னு மாத்திக்கலாம்னு மனசுல வெச்சிருந்தேன். ஸ்கூல்ல ஒரு பையன் ஃபாதர கேலி பண்ணிட்டான்னு டூலி அவனப் போட்டு அடிச்சிடுவான். ஃபாதருக்கு அவனக் கண்டிக்கவும் முடியல, நெஞ்சு நெறஞ்சு போனத மறைக்கவும் முடியல. அந்த எடத்துக்கு அப்புறம் நான் 'நீங்க'ன்னு மாத்தி வாசிச்சேன், உடனே அம்மா, "ஏய், மாத்தாத, அவன் நீன்னே கூப்பிடட்டும்"ன்னாங்க. ஏம்மான்னேன். "நீ உங்க தாத்தாவ என்னான்னு கூப்புட்ட?"ன்னு கேட்டாங்க. நான் அப்படியே புத்தகத்த மூடி வெச்சுட்டேன் கொஞ்ச நேரம். கடைசி வரைக்கும் டூலி 'நீ'ன்னுதான் கூப்பிட்டான், முதல் நாளு கூப்பிட்ட 'நீ' வேற, இந்த 'நீ' வேற. இந்தப் புத்தகத்துல என்ன நடக்குதுன்னு யாராவது கேட்டா நான் இததான் சொல்லுவேன்.

சிந்தியா விஷயத்துல நேர் எதிர். அவங்க குழந்தைங்களுக்கு படம் போட்டு கதை எழுதுறவங்க, வயலட்னு ஒரு வெள்ளப் பூனை, பக்கத்துல இருக்குற சின்ன மஞ்ச வீட்டுக்கு குடி வர்றாங்க, நடுவுல ஒரு செடி வேலிதான். கல்யாணம் ஆகி முறிஞ்சுபோன வாழ்க்கை. ரெண்டு பேருமே வயசானவங்க, ரெண்டு பேருக்கும் பயம். அந்த வேலியத் தாண்டி வந்து போறதுலயே ஒரு முழுக் காதல் கதைய நடத்திட்டாங்க எழுத்தாளர், தொடுறது கூட அவ்வளவா கிடையாது. இவங்க ரெண்டு பேருக்கும் நான் 'நீங்க' போட்டு வாசிச்சேன், ஒவ்வொரு தடவையும் அம்மா, "இன்னும் நீங்கதானா?"ன்னு கேப்பாங்க. நாம ரெண்டு பேரும் இனிமே ஒருத்தருக்கு ஒருத்தர்னு வெச்சுக்கலாமான்னு பேச்சு வர்ற எடத்துல, "இப்ப மாத்து"ன்னு சொல்லிட்டாங்க, மாத்திட்டேன்.

இனி விசுவாசம் பத்தி. நாங்க கிறிஸ்டியன் இல்ல. இத சொல்லக் காரணம், மதப் புத்தகம்னு நினைச்சு நானே இத ரொம்ப நாளு தொடாம வெச்சிருந்தேன். இங்கிலீஷ்ல 'ஃபெய்த்'னு ஒரு வார்த்தை வருது, அதுக்கு தமிழ்ல எத போடுறதுன்னு ஒவ்வொரு எடத்துலயும் யோசிக்க வேண்டியிருந்துச்சு. சர்ச்சுல அத விசுவாசம்னு சொல்லுவாங்க. நாங்க பக்தின்னு சொல்லுவோம். டூலி ஃபாதர்கிட்ட கொஞ்சங் கொஞ்சமா ஒட்டுறானே, அதுக்கு ரெண்டுமே சரி வராது, நம்பிக்கைன்னுதான் சொல்லணும். படிக்கப் படிக்க ஒண்ணு கவனிச்சேன், புதுசா வர்ற யாருகிட்டயும் இந்த ஃபாதர் முதல்ல நீ என்ன நம்புறன்னு கேக்குறதே கிடையாது. சாப்பிட்டியா, எங்க படுத்துக்குவ, ஷூ இருக்கான்னுதான் ஆரம்பிக்கும். ஜெபம் பின்னால வரும், சில சமயம் வரவே வராது. அவருக்கு ரொம்பப் புடிச்ச ஜெபம் ஒண்ணு இருக்கு, ஒருநாளும் பொய்க்காத ஜெபம்னு அதச் சொல்லுவாரு, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாகன்னு பரமண்டல ஜெபத்துல வருதே, அந்த வரிதான். அம்மா அதக் கேட்டுட்டு, "எல்லாம் அவன் செயல்னு நாம சொல்றதுதான்"ன்னாங்க. எனக்கு அது முழுசா சரின்னு படல. நாம அத நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் மனச தேத்திக்க சொல்றோம், இவரு நடக்குறதுக்கு முன்னாடியே, என்ன வருமோங்குற பயத்தோடயே சொல்றாரு. இதப்பத்தி நாங்க ரெண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்க பேசினோம், அன்னிக்கு ஒரு பக்கம் கூட நகரல.

அடுத்த பத்தியில கதையோட ஒரு முக்கியமான எடத்த சொல்லப் போறேன், தெரிய வேணாம்னா தாண்டிடுங்க.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருத்தர் வாழ்க்கை நொந்துபோய் சர்ச்சுக்குள்ள வந்து, மேல இருக்கியான்னு கடவுளப் பாத்து கத்துறாரு. ஃபாதர் அவர்கிட்ட, நீங்க கேக்குற கேள்விய மாத்திக் கேட்டுப் பாருங்க, மேல இருக்கியான்னு இல்ல, இங்க கீழ என்கூட இருக்கியான்னு கேளுங்கன்னு சொல்லி, அவர்கூட உக்காந்து எளிமையா ஒரு ஜெபம் சொல்லிக் குடுக்குறாரு. அவ்வளவுதான் அந்த காட்சி, சாதாரணமா முடிஞ்சிடும். ஆனா சர்ச் மச்சுல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். நகை திருடினவன், போலீஸுக்கு பயந்து அங்கயே பதுங்கிக் கெடக்குறவன். அவன் மேல இருந்து இதையெல்லாம் கேட்டு, கீழ இருக்குறவரு சொன்ன ஜெபத்த அவனும் சேந்து சொல்லிடுறான். பிறகு ஒரு ஞாயித்துக்கிழம, ஆராதனை நடக்குறப்ப, எல்லாரும் உக்காந்திருக்கும்போது, அவன் எறங்கி வர்றான். வந்து எல்லார் முன்னாடியும் தான் யாருன்னு சொல்றான். ஜெயிலுக்குத்தான் போறான், தப்பிச்செல்லாம் போகல, அது எனக்கு ரொம்ப சரின்னு பட்டுச்சு. நான் வாசிச்சுக்கிட்டிருந்தப்ப தொண்ட அடைச்சுக்கிச்சு, அம்மாவுக்கு அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது, "கொஞ்சம் நிறுத்துடி, தண்ணி குடிச்சிட்டு வா"ன்னு என்ன அனுப்பிட்டாங்க. தனக்குன்னு யாரோ பேசல, யாருக்கோ சொன்னது தன் மேலயும் வந்து விழுந்துச்சுங்கிற அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் புத்தகத்த இன்னொருத்தருக்கு வாங்கிக் குடுப்பேன்.

ஊரு பெருசுங்களப் பத்தியும் சொல்லணும். மிஸ் சேடின்னு ஒரு வயசான அம்மா, ஃபெர்ன்பேங்க்னு பெரிய பழைய வீட்டுல தனியா இருக்காங்க, சின்ன வயசு காதல் கதை ஒண்ண ஃபாதர்கிட்ட சொல்லுவாங்க, அத தனியா ஒரு சிறுகதையா எடுத்துப் படிக்கலாம். அவங்ககூட சேந்து வளந்த லூயெல்லாங்குற கறுப்பினப் பெண்மணி திரும்பி வந்து ரெண்டு பேரும் ஒண்ணா இருக்குறது நல்லா இருக்கு. அப்புறம் மிஸ் ரோஸ். அவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்குற மனநோய், வினோதமா துணி உடுத்திக்கிட்டு மெயின் தெருவுல நின்னு டிராஃபிக்க கன்ட்ரோல் பண்ணுவாங்க. அவங்க புருஷன் அங்கிள் பில்லி பாக்குறவங்ககிட்ட எல்லாம் ஜோக்கு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்தம்மாவ ஊரு தொரத்தல, கேலி பொருளாவும் ஆக்கல, அவங்க வீட்ட ஊருக்கு மியூசியமா ஆக்கணும்னு பேச்சு வரும்போது கூட பின்பக்கம் அவங்க ரெண்டு பேரும் இருக்க எடம் ஒதுக்கணும்னு யோசிக்கிறாங்க. மேயர் எஸ்தர் கன்னிங்ஹாம் எதுக்கெடுத்தாலும் மிட்ஃபோர்ட் தன் ஆளுங்கள தானே பாத்துக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, முதல்ல அரசியல்வாதி பேச்சுன்னு நினைச்சேன், மிஸ் ரோஸ் விஷயத்துலதான் அந்த பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு நம்பினேன்.

குறைன்னா இருக்கு. ஆளுங்க ரொம்ப அதிகம். முதல் நூறு பக்கத்துல வர்ற பேர எல்லாம் நான் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டுத்தான் வாசிச்சேன், காலையில சாப்பாட்டுக் கடையில உக்காந்து பேசுற ஆளுங்க மட்டுமே நாலஞ்சு பேரு. ஃபாதர வளைக்கப் பாக்குற பணக்கார விதவை எடித் மேலரிய ஒரே கலருல தீட்டி வெச்சுட்டாங்க, எல்லாருக்கும் ஒரு வலி, ஒரு பின்கதைன்னு யோசிச்சு எழுதினவங்க இந்தம்மாவுக்கு மட்டும் அத குடுக்கல, அது எனக்கு வருத்தம். கடைசிப் பகுதியில சில முடிச்சு ரொம்ப சுலபமா அவுந்துடுது. லூயெல்லாவப் பத்தி எழுதினது அன்பாத்தான் இருக்கு, ஆனா அந்த வயசுல, அமெரிக்காவோட தென்பகுதியில, ஒரு கறுப்பினப் பொண்ணா அவங்க பட்டது என்னவா இருக்கும்னு கதை எட்டிப் பாக்கவே இல்ல. 

இன்னொண்ணு இதவிடப் பெருசு. மிட்ஃபோர்ட்டுக்கு வர்றவங்க எல்லாருமே ஏற்கெனவே அந்த நம்பிக்கைக்குள்ள இருக்குறவங்க, இல்லன்னா கடைசில அதுக்குள்ள வந்துடுறவங்க. வேற சாமி கும்புடுற ஒரு குடும்பம், இல்ல எனக்கு கடவுளே வேணாம்னு உறுதியா இருக்குற ஒருத்தர், அந்த ஊருக்கு குடி வந்திருந்தா அந்த மெயின் தெரு எப்படி நடந்திருக்கும்? ஃபாதர் டிம் நல்லாத்தான் நடந்திருப்பாருன்னு நான் நம்புறேன், ஆனா நான் நம்புறது வேற, எழுத்தாளர் எழுதிக் காட்டுறது வேற. புதுசா வர்றவங்களப் பத்தி இவ்வளவு அக்கறையா எழுதினவங்க அந்த ஒரு கதவையும் தொறந்திருந்தா இந்த நாவல் இன்னும் ஒரு படி மேல போயிருக்கும்.

அப்படி இருந்தும் ஏன் வாங்கச் சொல்றேன்னா, நல்லவங்களப் பத்தி அலுப்பு தட்டாம எழுதுறது லேசான காரியம் இல்ல. ஊரு வந்தவங்களுக்கு அடைக்கலம் குடுத்துச்சுன்னு மட்டும் எழுதியிருந்தா சாதாரணக் கதையா போயிருக்கும். இதுல களைச்சுப் போன அந்த மனுஷனத்தான் வந்தவங்க ஒவ்வொருத்தரும் கொஞ்சங் கொஞ்சமா எழுப்பி உக்கார வைக்கிறாங்க, நாயி அவர நடக்க வைக்குது, ப்யூனி சாப்பிட வைக்கிறா, டூலி கோவப்பட வைக்கிறான், சிந்தியா சிரிக்க வைக்கிறாங்க. அவரே அந்த ஊருக்காரர் இல்ல, மிசிசிப்பியில ஹாலி ஸ்பிரிங்ஸ்ங்குற ஊர்ல பொறந்து வளந்தவரு, மிட்ஃபோர்ட்டுக்கு அவரும் ஒரு காலத்துல புதுசா வந்தவருதான்.

இங்கிலீஷ் எளிமையானதுதான், டூலி பேசுறது மட்டும் அந்த மலைப்பக்கத்துப் பேச்சு, எழுத்தக்கூட்டி பாத்தா புரியாது, வாய் விட்டு படிச்சா சட்டுன்னு புடிபட்டுடும். வேகமா போற கதை புடிக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது, அத நான் நேராவே சொல்லிடுறேன். வீட்டுல ஒடம்பு முடியாதவங்க யாராவது இருந்து, பக்கத்துல உக்காந்து எதாவது வாசிச்சுக் காட்டணும்னா இதவிட பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஒரு ராத்திரிக்கு ரெண்டு சின்ன காட்சின்னு நிறுத்திக்கலாம், தொடர்கதையா வந்ததோட புண்ணியம் அது. இதோட சேத்து இந்த மிட்ஃபோர்ட் தொடர்ல 2017 வரைக்கும் 14 நாவல் வந்துச்சு. அதே வருஷம் இந்த முதல் நாவல டிவி படமாவும் எடுத்தாங்க, ஆண்டி மெக்டவல்தான் சிந்தியா. முதல்ல புத்தகத்தப் படிச்சுடுங்க, டூலி குரல நீங்களே மனசுல கேட்டதுக்கு அப்புறம் படம் பாத்துக்கலாம்.

முடியறப்ப ஃபாதர் ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் ஒரு நீண்ட லீவு எடுத்து அயர்லாந்துக்கு கிளம்புறாரு. நான் முடிஞ்சுதும்மான்னு புத்தகத்த மூடினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம், "நாய யாரு பாத்துக்குவா?"ன்னு கேட்டாங்க. இப்ப அவங்க கண்ணு நல்லாயிடுச்சு, பழையபடி அவங்களே படிக்கிறாங்க, ஆனா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் என் ரூம் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ஃபாதர் ஊர்லேர்ந்து வந்துட்டாரான்னு கேக்குறாங்க. ரெண்டாவது புத்தகம் ஆர்டர் போட்டிருக்கேன், வியாழக்கிழம வருது.